வண்டிக்கு ஒரு மண்டல விரதம்

இனிமேல் எனக்குச் சொந்தமான எதுவும் தலை குனிந்து நிற்காது என்று ஒரு வெள்ளிக்கிழமை காலையில் தீர்மானம் செய்தேன். தீர்மானத்தைச் சத்தமாகச் சொல்லவில்லை. மனைவி சுனந்தா பக்கத்து அறையில் இருந்தாள்.

என் பெயர் ஜினதாசன். திருவண்ணாமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். 'நெஞ்சை நிமிர்த்து, வயிற்றை உள்ளே இழு' என்று இந்த ஊர்ப் பிள்ளைகளை இரண்டு தலைமுறையாக விரட்டியவன். கூன் என்றாலே எனக்கு ஆகாது. சாய்ந்த மின்கம்பத்தைப் பார்த்தால்கூட விசிலை எடுக்கத் தோன்றும். வீட்டுக்குள் மட்டும் கொஞ்சம் குனிந்துதான் நடப்பேன். வாசல் நிலை தாழ்வு என்று கேட்பவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஓய்வு பெற்றதும் ஒரு பிக்கப் வண்டி வாங்கினேன். பால் வெள்ளை. முன்னால் நானும் இன்னொருவரும் உட்காரலாம். பின்னால் ஒரு யானைக்குட்டி கால் நீட்டிப் படுக்கலாம். கார் வாங்கியிருக்கலாமே என்று கேட்காதீர்கள். காரில் போகிறவனை இந்தக் காலத்தில் யார் திரும்பிப் பார்க்கிறார்கள்?

சுனந்தா பார்த்தாள். ஆனால் அவள் பார்த்தது பின்தொட்டியை. எங்கள் ஊரான அடி அண்ணாமலையில் அவளுக்கு ஒரு வியாபாரம் உண்டு. சுற்றுவட்டாரத்தில் மல்லாட்டை வாங்கிச் செக்கில் ஆட்டுவாள். ஊர் உலகத்துக்கெல்லாம் வேர்க்கடலை, எங்களுக்கு மல்லாட்டை. அந்த எண்ணெயும் அரிசியும் கேழ்வரகு மாவும் ரமணாசிரமம் பக்கத்து கஃபேக்களுக்குப் போகும். இதுவரை ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தது. லாபத்தில் பாதி ஆட்டோக்காரனுக்கு என்று அவள் அடிக்கடி புலம்புவாள்.

"பத்து மூட்டை புடிக்கும்ல?" என்றாள், தொட்டியைக் கண்ணாலேயே அளந்து.

"என் வண்டியில மூட்டை ஏறாது. பெயிண்ட்ல ஒரு கீறல் விழக்கூடாது" என்றேன்.

சொன்னதோடு நிற்காமல், காக்கை எச்சம்கூடப் படக்கூடாது என்று ஒரு நீலத் தார்ப்பாயும் வாங்கித் தொட்டிக்கு மேல் இறுக்கிக் கட்டினேன். அவள் பதில் பேசவில்லை. கல்யாணமானவர்களுக்குத் தெரியும், பதில் பேசுகிற மனைவியால் ஆபத்து கிடையாது. ஆனால் அன்றைக்கு எனக்கு வெற்றி மயக்கம். முப்பது வருஷத் தாம்பத்தியத்தில் என் சொல் எடுபட்ட ஒரே இடம் அந்தப் பின்தொட்டிதான். அதை விட்டுக்கொடுத்தால் எனக்கு இந்த உலகத்தில் வேறு தொட்டி கிடையாது.

தலைகுனிவு செங்கம் ரோட்டில் வந்தது. அங்கே மணிவேல் என்பவரின் டீக்கடை. வண்டியை எதிரே நிறுத்தி, நான்கு பேர் பார்க்கிற மாதிரி இறங்கிப் போய் உட்கார்ந்தேன். மணிவேல் டீயை ஆற்றிக்கொண்டே வண்டியை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா சார், உங்க வண்டி மூக்கு தாழ்ந்து, பின்னாடி தூக்கிக்கினு நிக்குது. வீட்ல திட்டு வாங்கிட்டு நிக்கற மாதிரி இருக்குது."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். யாரைப் பார்த்துக் கற்றுக்கொண்டதோ என்று ஒருவர் சேர்த்துக்கொண்டார். நான் எழுந்து போய்ப் பார்த்தேன். உண்மைதான். முன்பக்கம் தாழ்ந்து, பின்பக்கம் எழும்பி, குற்றவாளி மாதிரி நின்றது என் வண்டி. அசெம்பிளியில் இப்படி ஒரு பையன் நின்றிருந்தால் மைதானத்தைச் சுற்றி ஓட விட்டிருப்பேன். வண்டியை என்ன செய்வது?

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கொத்தனாரிடம் ரசமட்டம் இரவல் வாங்கி வந்து கதவின் அடி விளிம்பில் வைத்தேன். குமிழி பின்பக்கம் ஓடி ஒளிந்துகொண்டது. வண்டியைத் திருப்பி நிறுத்தி வைத்தேன். அப்போதும் ஓடியது. சாப்பிடும்போது எழுந்து போய் வைத்தேன், குளித்துவிட்டு ஈரத் தலையோடு வைத்தேன். சுனந்தா வந்து என்ன செய்கிறீர்கள் என்றாள். தரை மட்டமாக இருக்கிறதா என்று பார்க்கிறேன் என்றேன். தரையைப் பார்க்கத் தரையிலே அல்லவா ரசமட்டம் வைக்க வேண்டும் என்றாள். இந்த மாதிரி கேள்விகளுக்கு நான் பதில் சொல்வதில்லை.

தீர்வு கைப்பேசியில் கிடைத்தது. லெவலிங் கிட் என்று ஒன்று விற்கிறார்கள். பெரிய விஷயமில்லை, இரண்டு கனத்த இரும்பு வட்டுகள். முன் சக்கரத்து ஸ்பிரிங்குகளுக்கு மேலே வைத்து முடுக்கினால் முன்பக்கம் எழும்பி, வண்டி நேர்மட்டமாக நிற்கும். வீடியோவில் ஒரு வெளிநாட்டுக்காரர் அதை மாட்டிவிட்டுத் தன் வண்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். எனக்கும் கண் கலங்கியது. உடனே ஆர்டர் போட்டேன். வீட்டு முகவரி கொடுக்க நான் என்ன முட்டாளா? போளூர் ரோட்டில் முருகையன் மெக்கானிக் ஷாப் முகவரியைக் கொடுத்தேன்.

முருகையன் என் பழைய மாணவன். கூன் போட்டு நிற்பான். அந்தக் குற்றத்துக்காக என் கையால் அதிகமாக மைதானம் சுற்றியவன் அவன்தான். இப்போதும் என்னைக் கண்டால் விறைப்பாக நிற்பான். பார்சல் வந்துவிட்டது, காலையிலேயே வண்டியைக் கொண்டு வாருங்கள், சாயங்காலத்துக்குள் முடித்துவிடலாம் என்றான்.

சாயங்காலம் என்றதும் எனக்குச் சாப்பாட்டு ஞாபகம் வந்தது. நாங்கள் நயினார்கள், ஜைனர்கள். சூரியன் மறைந்தபின் எங்கள் வீட்டில் வாயில் எதுவும் போகாது. நான் இதில் சலுகை கேட்கிற ஆள், சுனந்தா சலுகை கொடுக்கிற ஆளில்லை. கடைசிக் கதிர் போனதும் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிடுவாள். ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு அதிர்ஷ்டம். டவுன் மலைக்குக் கிழக்கே இருக்கிறது, அங்கே சூரியன் சீக்கிரம் மலைக்குப் பின்னால் போய்விடும். அடி அண்ணாமலை மேற்கே இருக்கிறது. டவுனில் இருட்டத் தொடங்கினாலும் எங்கள் வீட்டில் சாப்பிட இன்னும் கொஞ்சம் வெயில் பாக்கி இருக்கும். அந்தக் கொஞ்ச வெயிலில்தான் என் உடம்பு வளர்ந்திருக்கிறது.

முருகையன் அன்றைக்கு என் வண்டியை முதலில் எடுக்கவில்லை. ஒரு டிராக்டரைப் பார்த்தான், ஒரு ஸ்கூட்டரைப் பார்த்தான். நான் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பெஞ்சில் உட்கார்ந்தேன், எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். வண்டிக்கடியில் தூசி பறக்கும், நீங்கள் போய் டீ சாப்பிட்டு வாருங்கள் சார் என்று துரத்திக்கொண்டே இருந்தான். வயிறு தளும்பத் தளும்ப டீ குடித்தேன். சூரியன் மலைமுகட்டில் உட்காருகிற நேரத்தில் கடைசி டீயை முடித்து ஓடிவந்தேன்.

வண்டி நிமிர்ந்து நின்றது.

முன்னும் பின்னும் ஒரே உயரம். குடியரசு தின அணிவகுப்பில் முதல் வரிசை மாதிரி நின்றது. ரசமட்டத்தை வைத்தேன். குமிழி நடுவில் வந்து அசையாமல் இருந்தது. குனிந்து அடியில் பார்க்கலாம் என்றுதான் நினைத்தேன். முருகையன் மலையைக் காட்டி, "சூரியன் போயிடுச்சு சார், அம்மா சாப்பாட்டை எடுத்து வச்சுடுவாங்க" என்றான். நான் ஏறி உட்கார்ந்துவிட்டேன். அவன் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு விதிகளைச் சொன்னான்.

"புது கிட்டு சார். ஒரு மண்டலம் செட் ஆகணும். அது வரைக்கும் தார்ப்பாய அவுக்காதீங்க. காத்து உள்ள பூந்தா பின்பக்கம் தூக்கிடும். தினம் காலைல மெதுவா செங்கம் ரோடு வரைக்கும் ஓட்டுங்க. ஆசிரமம் தாண்டி எழில் கஃபே வாசல்ல புங்க மரம் இருக்குதுல்ல, அந்த நிழல்ல நிறுத்தி நல்லா ஆற விட்டுட்டு, அப்புறம் திரும்புங்க. இழுவை கொஞ்சம் கம்மியாதான் இருக்கும், பயப்படாதீங்க."

மண்டலம் என்று சொல்லிவிட்டால் நம் ஊரில் யாரும் மேலே கேள்வி கேட்பதில்லை. லேகியம் சாப்பிட்டாலும் மண்டலம், மாலை போட்டாலும் மண்டலம். இரும்புக்கு மட்டும் என்ன விதிவிலக்கு? வண்டியை முடுக்கினேன். இழுவை கம்மியாகத்தான் இருந்தது. மலையைச் சுற்றிப் போய் மறுபக்கத்தில் சூரியனைப் பிடித்தேன். சுனந்தா தட்டு வைத்துக் காத்திருந்தாள். எங்கே போயிருந்தீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை.

விரதம் தொடங்கியது. காலையில் எழுந்ததும் மொட்டை மாடியில் உடற்பயிற்சி செய்வேன். விசிலை நானே ஊதி, அதற்கு நானே கட்டுப்படுவேன். அந்தச் சத்தத்தில் கீழே இடி விழுந்தாலும் கேட்காது. குளித்து, அருகனைக் கும்பிட்டு வாசலுக்கு வந்தால் வண்டி நெஞ்சை நிமிர்த்தி நிற்கும். மெதுவாக ஓட்டிக்கொண்டு போய்ப் புங்க மரத்து நிழலில் நிறுத்துவேன். நாலு கடை தள்ளி மணிவேல் கடையில் உட்கார்ந்து ரொம்ப நேரம் பேசுவேன். நிமிர்ந்து நிற்பது என்பது மனதில் இருக்கிறது என்பது போன்ற கருத்துகளைச் சொல்வேன். மணிவேல் தலையாட்டிக்கொண்டே டீ ஆற்றினார். பெஞ்சில் இருந்தவர்கள் எனக்கு இடம் விட்டார்கள்.

வீடு திரும்பியதும்தான் சங்கடம். வரும்போது வண்டி காற்றாகப் பறக்கும். வாசலில் நிறுத்திவிட்டுப் பார்த்தால் பழையபடி தலை தொங்கியிருக்கும். ரசமட்டத்தை வைத்தால் குமிழி பின்பக்கம் ஓடும். முதல் நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. முருகையனுக்குப் போன் போட்டேன். காலைக் குளிர்ச்சியில் இரும்பு விறைத்து நிற்கும், வெயில் ஏறினால் தளரும், மண்டலம் முடிந்தால் நிலைத்துவிடும் என்றான். நியாயமாகப் பட்டது. பிள்ளைகளும் அப்படித்தான். காலை அசெம்பிளியில் நிமிர்ந்து நிற்பார்கள், மத்தியானப் பீரியடில் பெஞ்சோடு பெஞ்சாகக் கிடப்பார்கள்.

இருந்தாலும் மனசு அடங்கவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை தடவை குமிழியைப் பார்த்தேன் என்று கேட்காதீர்கள். சுனந்தா ஒருநாள், காலையில் வண்டி நன்றாக நிமிர்ந்து நிற்கிறதே, என்ன செய்தீர்கள் என்று கேட்டாள். ஓட்டுகிற ஆள் நிமிர்ந்தால் வண்டியும் நிமிரும் என்றேன். அப்படியா என்று சொல்லி இன்னொரு கரண்டி பொங்கல் வைத்தாள். அந்த நாட்களில் அவள் என்னிடம் காட்டிய அன்பு கொஞ்சம் ஜாஸ்தி. வீட்டிலும் புதுப் பொருள் சேர்ந்தது. சூடான பாத்திரம் வைக்க இரண்டு வட்டமான தாங்கி. பழைய சுங்குடிச் சேலையில் உறை தைத்துப் போட்டிருந்தாள். ரசப் பாத்திரம் அதன்மேல் ஆடாமல் நின்றது. எங்கே வாங்கினாய், பரவாயில்லையே என்று பாராட்டினேன். தெரிந்த பையன் கொடுத்தான் என்றாள்.

நடுவில் ஒருநாள் எனக்கு முழங்கால் வலி. இன்றைக்கு வண்டி எடுக்கவில்லை என்று படுத்துவிட்டேன். சுனந்தா பதறிப்போனாள்.

"மண்டலத்துல ஒரு நாள் விட்டா மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்ங்க. எழுந்திருங்க, தைலம் தேய்ச்சு விடறேன்."

மண்டலத்தைப் பற்றி இவளிடம் எப்போது சொன்னேன் என்று ஒரு கணம் யோசித்தேன். தைலம் இதமாக இருந்தது. கிளம்பிவிட்டேன்.

வினை பௌர்ணமி ரூபத்தில் வந்தது. அன்று காலையிலேயே கிரிவலக் கூட்டம் வரத் தொடங்கிவிட்டது. மணிவேல் கடையில் நிற்கவே இடமில்லை. என் பெஞ்சில் ஆந்திராவிலிருந்து வந்த ஒரு குடும்பம் உட்கார்ந்து பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்தது. டீ குடிக்காமல் திரும்பினேன். புங்க மரத்தடியில் என் வண்டியின் தார்ப்பாய் அவிழ்ந்து கிடந்தது. கஃபே நடத்துகிற எழில், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, என் தொட்டியிலிருந்து ஒரு மூட்டையைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தாள்.

திருட்டு என்று கத்த வாயெடுத்தேன். ஆனால் என் வண்டியில் இல்லாத மூட்டையை ஒருத்தி எப்படித் திருட முடியும்? அந்தக் கேள்வி குறுக்கே வந்து நின்றது.

"வாங்க அங்கிள். இந்த எண்ணெய் டின்ன ஒரு கை புடிங்களேன்" என்றாள் எழில்.

பிடித்தேன். ஒரு பெண் கணீரென்று சொன்னால் என் கை தானாக நீண்டுவிடும், முப்பது வருஷப் பழக்கம். அவளே சந்தோஷமாகப் பேசினாள். நீங்கள் ரொம்பக் கூச்ச சுபாவம், மூட்டை இறக்கும்போது பக்கத்தில் வரமாட்டீர்கள் என்று ஆன்ட்டி சொன்னார்கள், ஆனால் ஒருநாள்கூட லேட் இல்லை, இங்கே நாலு கஃபேக்கும் உங்களை நம்பித்தான் அடுப்பு எரிகிறது என்றாள். நான் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு மூட்டை இறங்கும்போதும் பின்பக்கம் ஒரு விரற்கடை எழும்பியது, முன்பக்கம் ஒரு விரற்கடை குனிந்தது. கடைசி டின் இறங்கியதும் என் வண்டி எல்லோர் முன்னாலும் முழுசாகத் தலை குனிந்தது. கூடவே நானும்.

நேராகப் போளூர் ரோட்டுக்கு விட்டேன், கூட்டத்தில் ஊர்ந்து போய்ச் சேர மத்தியானமாகிவிட்டது. முருகையன் என்னைப் பார்த்ததும் விறைப்பாக நின்றான். உடம்பு மட்டும்தான் விறைப்பு, முகத்தில் சிரிப்பு. பார்சல் வந்த அன்று என் நம்பர் என்று நினைத்து வீட்டு நம்பருக்குப் போன் போட்டானாம். எடுத்தது சுனந்தா. கிட் மாட்டியதாகச் சொன்ன அன்று நான் டீ குடித்துக்கொண்டிருந்தபோது முதல் லோடு ஆட்டோவில் வந்து என் தொட்டியில் ஏறியதாம். மற்ற நாட்களில் நான் மாடியில் விசில் ஊதுகிற நேரத்தில் வீட்டு வாசலிலேயே ஏறியதாம். குருவுக்கே துரோகம் செய்தாயே என்று கேட்டேன்.

"சார், கிரவுண்ட சுத்த வச்சது நீங்க. சுத்தி முடிச்சதும் கூப்ட்டு மோர் குடுத்தது அம்மா."

பேச வேண்டிய ஆள் வீட்டில் இருக்கிறாள் என்று வண்டியைத் திருப்பினேன். அதற்குள் கிரிவலப் பாதையை அடைத்துவிட்டார்கள். பௌர்ணமிக்கு வண்டிகளை விடமாட்டார்கள், எனக்குத் தெரியாததல்ல. கோபத்தில் மறந்துவிட்டேன். வண்டியை முருகையன் கடையிலேயே விட்டுவிட்டு இறங்கினேன். அந்தப் பக்கமிருந்து அடி அண்ணாமலை கிட்டத்தில்தான். ஆனால் அது கூட்டத்துக்கு எதிர்த்திசை. பத்தடி போனேன். ஒரு பாட்டி என் தோளைப் பிடித்து, மலையை இடப்புறமாகச் சுற்றக்கூடாது, குடும்பத்துக்கு ஆகாது என்று திருப்பி விட்டார். என் குடும்பத்துக்கு இனி ஆகாமல் போக என்ன இருக்கிறது பாட்டி என்று கேட்க நினைத்தேன். கூட்டம் விடவில்லை.

கோபத்தோடு கிரிவலம் போன ஒரே ஜைனன் நானாகத்தான் இருப்பேன். பெரிய கோயில் தாண்டியபோது சுனந்தாவிடம் கேட்க என்னிடம் இருபது கேள்விகள் இருந்தன. ஆசிரமம் தாண்டும்போது பத்தாகின. மணிவேல் கடையைத் தாண்டும்போது தலையைத் துண்டால் மூடிக்கொண்டேன். வழியெல்லாம் அன்னதானம். ஒரு தொன்னை வாங்கியிருந்தால் பிழைத்திருப்பேன், ஆனால் உருளைக்கிழங்கு போட்ட சாம்பார், ஜைனர்களுக்குக் கிழங்கு ஆகாது. வீட்டு வாசலை மிதித்தபோது கேள்வி ஒன்றே ஒன்று பாக்கி இருந்தது. சூரியனும் பனைமர உயரத்தில் கொஞ்சம்தான் பாக்கி இருந்தது.

"சுனந்தா, என் வண்டியில..." என்று ஆரம்பித்தேன்.

"முதல்ல உக்காருங்க. சூரியன பாருங்க."

பார்த்தேன். சண்டை போட்டால் சோறு இல்லை. சோறு தின்றால் சண்டை இல்லை. எழில் போனில் எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும், இலையில் எல்லாம் தயாராக இருந்தது. உட்கார்ந்தேன். அவள் பரிமாறிக்கொண்டே பேசினாள், குரலை உயர்த்தவில்லை.

"காலி வண்டிதாங்க தலை குனியும். பாரம் ஏத்தறதுக்குன்னே பின்பக்கத்த தூக்கி செஞ்சிருக்கான். பாரம் ஏறுச்சுன்னா தானா நேரா நிக்கும். அதுக்கு எதுக்குங்க இரும்பு?" சோற்றில் ரசத்தை ஊற்றினாள். "ரிடையர் ஆனதுல இருந்து நீங்க வீட்டுக்கும் வாசலுக்கும் அலைஞ்சுக்கிட்டே இருந்தீங்க. எனக்குப் பாக்க முடியல. இந்த ஒரு மாசமா காலைல விசில் அடிச்சுக்கிட்டு கிளம்பறீங்க. எப்படி நிமிந்து நடக்கறீங்க தெரியுமா?"

ரசச் சோற்றில் ஒரு கவளத்தை வாயில் போட்டுக்கொண்டேன். அந்த மாதம் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. போவதற்கு ஓர் இடமும், தாமதமாகிவிடுமோ என்ற பயமும் மறுபடி கிடைத்திருந்தது. ஆனால் அதை உடனே ஒப்புக்கொண்டால் ஆண்பிள்ளைக்கு என்ன மரியாதை? வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, மிச்சமிருந்த ஒரே கேள்வியைக் கம்பீரமாகக் கேட்டேன்.

"எல்லாம் சரி. நான் வாங்கின கிட்டு எங்க?"

சுனந்தா ரசப் பாத்திரத்தைத் தூக்கினாள். தாங்கியின் சுங்குடி உறையை உருவினாள். கறுப்பு இரும்பு வட்டு. வீடியோவில் அந்த வெளிநாட்டுக்காரர் கையில் வைத்திருந்தாரே, அதே வட்டு.

"பாத்திரம் ஆடாம எவ்ளோ மட்டமா நிக்குது பாருங்க. சாம்பாருக்கும் பொரியலுக்கும் இன்னும் ரெண்டு இருந்தா நல்லா இருக்கும்."

நேற்று இன்னொரு கிட் ஆர்டர் போட்டுவிட்டேன், இந்த முறை வீட்டு முகவரிக்கே.